அவர் போட்ட பூட்டு

கழுத்துப் பொத்தானைப் போடலாமா வேண்டாமா என்று அவள் தயங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய கைபேசி அடித்தது.

"போட்டு விடும்மா. நாலு பேர் வந்து பார்க்கிற நேரம்," என்றார் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி. அவள் கணவரின் அக்கா. தாய் இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவர்.

"அவருக்குக் கழுத்தை இறுக்கினா பிடிக்காது அண்ணி."

அண்ணி தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் காலரை மட்டும் நீவி விட்டார்.

மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பைக்குள் கிடந்து கைபேசி விடாமல் அடித்தது. கைக்கடிகாரம், கண்ணாடி, சாவிக்கொத்து, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அவள் துழாவி எடுத்தாள்.

"அண்ணே, என்னண்ணே இன்னும் காணோம்?" பிரசவ மருத்துவமனையில் கட்டடம் பார்த்துக்கொள்கிறவன். குழாய் ஒழுகினாலும் லிஃப்ட் நின்றாலும் அவனே போவதால் அவர் அவனுக்கு ஆல்ரவுண்டர் என்று பெயர் வைத்திருந்தார்.

"நான் அவங்க வீட்டுல பேசறேன்."

"அக்காவா? சரிக்கா. அண்ணன் கிளம்பிட்டாரா?"

அவளுக்குப் பதில் வரவில்லை. கிளம்பிவிட்டார் என்பது உண்மைதானே என்று ஒரு கணம் தோன்றியது. அந்த மௌனத்தை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

"அப்ப சரி, வந்துருவாரு. நான் வாசல்லயே நிக்கறேன்."

"இல்லப்பா. நிக்காத. அவர் காலைல தவறிட்டார்."

மறுமுனையில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும், ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன.

"பல்லு விளக்கப் போனவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." காலையிலிருந்து இதைப் பல பேரிடம் சொல்லியாகிவிட்டது. வாய் தானாகச் சொன்னது.

"நேத்து சாயங்காலம் என்கிட்ட டீ வாங்கிக் குடிச்சாரேக்கா," என்றான் அவன்.

மனிதர்கள் எல்லோரும் இப்படித்தான் ஏதோ ஒன்றைச் சொல்கிறார்கள். அடுத்த வீட்டம்மா, நேற்று கேட்டைத் திறந்து விட்டாரே என்றார்.

"எதுக்குக் கூப்பிட்ட?"

"ஒண்ணுமில்லக்கா. அதை விடுங்க. நாங்க பார்த்துக்கறோம்."

"என்னத்தைப் பார்த்துக்குவீங்க?"

அவன் இழுத்தான். அவள் விடவில்லை. கடைசியில் சொன்னான். ஆறு மணிக்கு, அவர்கள் வீடும் சேர்ந்த அந்தப் பகுதி முழுக்க மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். கம்பிகளை மாற்றும் வேலை. விடிய விடிய ஆகும். புது ஜெனரேட்டர் வேலை இன்றைக்கு முடிந்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். மேல் மாடியில் குறை மாதத்தில் பிறந்த குழந்தைகள் வெப்பப் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டியின் பாட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஜெனரேட்டரிலோ அவர் பூட்டு தொங்குகிறது.

"டாக்டரம்மா பதறுறாங்க. அதான் பூட்டை வெட்டிட்டு, கையால ஸ்டார்ட் பண்ணி, பேனல்ல சுவிட்சைக் கையால தள்ளி விட்டுரலாம்னு..."

"வெட்டாத."

"அக்கா, நீங்க இருக்கிற நிலைமையில..."

"அதுல வேலை பாதியில நிக்குது. நீ தள்ளி விட்டா கரண்ட் உள்ள மட்டும் போகாது, வெளிய கம்பிக்கும் போகும். ராத்திரி முழுக்க அங்க ஆளுங்க கம்பத்துல இருப்பாங்க. கை வைக்காத. நான் வரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கூடத்தில் இருந்த இரண்டு பக்கத்துவீட்டுப் பெண்களும் தலையை நிமிர்த்தினார்கள்.

அண்ணியின் பக்கம் திரும்பவே அவளுக்குத் தயக்கமாக இருந்தது. அண்ணி பேச்சில் காரம் அதிகம். கல்யாணமான புதிதில், பொம்பளைக்கு எதுக்கு இந்த ஸ்க்ரூடிரைவர் பிழைப்பு என்று முகத்துக்கு நேரே கேட்டவர்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அண்ணி.

"தெரியல அண்ணி. ரெண்டு வயர் பாக்கின்னு சொல்லிக்கிட்டு இருந்தார். போட்டுட்டு சோதிச்சுட்டு வரணும்."

"உன் பிள்ளை நாளைக்குக் காலைலதான் வந்து சேருவான். அதுவரைக்கும் இங்க என்ன வேலை, உட்கார்ந்து அழறதுதானே. அதை நான் பார்த்துக்கறேன். நீ போயிட்டு வா." தம்பி பக்கம் திரும்பி, "சின்ன வயசுல இவனைத் தனியா விட்டா அழுவான். நான் இங்கயே இருக்கேன்," என்றார்.

ஆல்ரவுண்டர் ஸ்கூட்டரில் வந்து, வீட்டுக்குள் வந்து, அவர் காலருகே நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு அவளை ஏற்றிக்கொண்டு போனான். அவருடைய கருவிப் பை அவள் மடியில் இருந்தது. அதன் பக்கவாட்டு உறைக்குள் அவளுடைய நீலப் பூட்டும் கிடந்தது. மணிக்கட்டு வலி வந்து அவள் வேலையை விட்ட பிறகும் அவர் அதை எடுத்து வைக்கவில்லை. கேட்டால், அது பாட்டுக்குக் கிடக்கட்டும், என்ன எடையா என்பார்.

இருவருக்கும் ஆளுக்கொரு பூட்டு. பேனல் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். இயந்திரத்தில் கை வைக்கும் முன் அதன் பாட்டரி சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். காத்திருப்பு ஜெனரேட்டரின் குணமே அதுதான். யாரையும் கேட்காமல் தானாக எழுந்துகொள்ளும். வெளியே மின்சாரம் போன மறுநொடி ஓடத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் உன் விரல் எங்கே இருக்கிறது என்று அது பார்க்காது. அதனால் ஒருவர் பூட்டை இன்னொருவர் தொடக்கூடாது. புருஷன் பெண்டாட்டி என்றாலும் கூடாது. இத்தனை வருடத்தில் அவள் அவருடைய சட்டைப்பையில் எது எதையோ தேடியிருக்கிறாள். அந்தச் சாவியை மட்டும் எடுத்ததில்லை.

ஜெனரேட்டர் மருத்துவமனையின் பின்புறம், ஜன்னல்களிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு மேடையில் நின்றது. பச்சை வண்ணம் இன்னும் புதிது. பாட்டரி சுவிட்சில் அவருடைய சிவப்புப் பூட்டு தொங்கியது. அவள் அதைத் தொடாமல், பையிலிருந்து தன் நீலப் பூட்டை எடுத்து அதற்குப் பக்கத்துத் துளையில் மாட்டினாள்.

"ரெண்டு பூட்டு எதுக்குக்கா?"

"வேலை செய்யப் போறது நான்தானே."

மின்சாரத்தை மாற்றி விடும் பேனல் பெட்டி, மேடையை ஒட்டிய ஒரு சின்ன அறையில் இருந்தது. கட்டடத்துக்கு மின்சாரம் இன்னும் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்ததால், பேனலுக்கு வருவதை மட்டும் நிறுத்தி, டெஸ்டரை ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பார்த்து, எதிலும் மின்சாரம் உயிரோடு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கதவை முழுசாகத் திறந்தாள்.

திறந்ததும் அவர் இருந்தார். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. எத்தனை வயர்மேன்களின் வேலைக்கு நடுவிலும் அவருடையதை அவளால் அடையாளம் சொல்ல முடியும். கட்டுப்பாட்டு வயர்கள் எல்லாம் பெரிய மின்வயர்களோடு சேராமல் தனிப் பாதையில் வந்தன. ஒவ்வொரு வளைவும் ஒரே அளவு. ஒவ்வொரு முனையிலும் எண் வளையம், தலையைச் சாய்க்காமல் படிக்கிற மாதிரி ஒரே திசையில். பின்னால வர்றவனுக்குக் கழுத்து வலிக்கக் கூடாது டெஸ்டர், என்பார். அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பட்டறையில் வயர் போடுகிறவரே சோதிக்கக் கூடாது என்று விதி. அவர் போடுவார், அவள் சோதிப்பாள்.

அவள் முதலில் அறிந்ததே அவருடைய குரலைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தடியில் அவர். இந்தப் பக்கம் பேனலில் அவள். அவள் எண்ணைச் சொல்லி மீட்டரை வைப்பாள். அவர் தன் முனையைத் தொட்டு அதே எண்ணைத் திரும்பச் சொல்வார். ஒரு நாள் அவள் "எட்டு" என்றதற்கு, "எட்டு இருக்கு, ஒன்பதும் இருக்கு, சாயங்காலம் டீக்கு ஆள்தான் இல்லை" என்று சுவர் சொன்னது. பட்டறை முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் "ஒன்பது" என்றாள். முகம் சூடாகியிருந்தது. நல்ல வேளை, நடுவில் சுவர் இருந்தது.

அவள் வரிசையாக எண்களைப் பார்த்துக்கொண்டே கீழே வந்தாள். கீழ் வரிசையில் அவள் விரல் நின்றது.

ஒரு வளையம் தலைகீழாக இருந்தது.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்த வயரின் முனையில் செருகிய உலோக லக் சரியாக அழுந்தவில்லை. விரலால் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அவர் வேலையில் அவள் இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. குனிந்து உற்றுப் பார்த்தாள். மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கிற இரண்டு கான்டாக்டர்களில் ஒன்று மூடியிருக்கும்போது மற்றது மூடவே கூடாது; வெளி மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. அதற்காகத்தான் ஒன்றின் வயர் மற்றதன் வழியாகப் போய் வருகிறது. அவர் அந்த வயரை ஒரு முனை தள்ளி மாட்டியிருந்தார். தடை இருக்க வேண்டிய இடத்தில் தடை இல்லை. இரண்டுக்கும் நடுவில் பொருத்த வேண்டிய தடுப்புக்கட்டையோ உறை பிரிக்காமல் தரையில் கிடந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், களைப்பா இருக்கு என்று சீக்கிரமே படுத்துவிட்டார். வழக்கமாகச் சாப்பிட்டு முடித்ததும் தண்ணீரில் விரலை நனைத்து அன்றைய சுற்றை மேஜைமேல் வரைந்து காட்டுவார். எங்கே சரியில்லை என்று அவள் சொல்வாள். அதற்குள் அது காய்ந்துவிடும். நேற்று வரையவில்லை. அவளும் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வரிசைக்கு வரும்போது அவருக்கு வலி தொடங்கியிருக்கிறது. இந்த வளையத்தைப் போடும்போது வியர்த்திருக்கும். லக்கை அழுத்தக் கையில் பலம் இருந்திருக்காது. யாரிடமும் சொல்லாமல், டீ வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதற்கு மேல் தன் கையைத் தானே நம்பாமல் வேலையை நிறுத்தி, மறக்காமல் நடந்து போய்ப் பூட்டைப் பூட்டிவிட்டு, வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"என்னக்கா, ஏதாச்சும் தப்பா?" வாசலில் நின்ற ஆல்ரவுண்டர் கேட்டான். அவனுக்குப் பின்னால் டாக்டரம்மாவும் வந்து நின்றிருந்தார்.

அவள் எழுந்தாள். "ஒண்ணுமில்ல. பாதியில விட்டிருக்கார் இல்ல, அதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"அம்மா, உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க," என்றார் டாக்டரம்மா. "வேற ஆஸ்பத்திரிக்குக் குழந்தைங்களை மாத்திப் பார்க்கறோம். கஷ்டம்தான். ஒண்ணு ரொம்பச் சின்னது. ஆனா உங்களை இந்த நேரத்துல..."

"மாத்த வேண்டாம். எனக்குக் கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க. காலைலருந்து குடிக்கல."

டாக்டரம்மாவே போய் எடுத்து வந்தார்.

அவள் அவர் போட்ட கடைசி வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. புது லக் எடுத்து, வயரின் தோலைச் சீவி, உள்ளே செருகினாள். கிரிம்பிங் கருவியை அழுத்த அவள் மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. ஒரு பிடியை முழங்காலுக்கடியில் வைத்து, மறு பிடியை இரண்டு கையாலும் அழுத்தினாள். கருவி 'கிளிக்' என்று விட்டது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. எண் வளையங்களைத் திருப்பிப் போட்டாள். தடை வயரை அதன் இடத்தில் இறுக்கி, தடுப்புக்கட்டையை உறை பிரித்துப் பொருத்தினாள். ஒரு கான்டாக்டரை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டு மற்றதைத் தள்ளினாள். அது அசையவில்லை. மாற்றிச் செய்து பார்த்தாள். இதுவும் அசையவில்லை. பிறகு, ஓடு என்று இயந்திரத்துக்குச் சொல்கிற இரண்டு வயர்களையும் மாட்டி முடித்தாள்.

போட்டவரே சோதிக்கக் கூடாது. ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்.

"நீ ஜெனரேட்டர்கிட்டப் போ. நான் நம்பர் சொல்லுவேன். அதே நம்பர் போட்ட முனையில இந்தக் கம்பியை வச்சுட்டு, நீயும் நம்பரைச் சொல்லு. என்னை நம்பிச் சொல்லாத. வயர்ல என்ன எழுதியிருக்கோ அதைப் படிச்சுச் சொல்லு. புரியுதா?"

"புரியுதுக்கா."

அவன் சுவருக்கு அந்தப் பக்கம் போனான். அவள் மீட்டரை வைத்தாள்.

"ஒண்ணு."

"ஒண்ணு. இருக்குக்கா."

மீட்டர் கத்தியது.

"ரெண்டு."

"ரெண்டு."

குரல் வேறு. வயது வேறு. எட்டு வந்தபோது அவள் சற்று நின்றாள். அந்தப் பக்கம் அவன், "அக்கா, இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேன். எட்டு."

"எட்டு."

"ஒன்பது," என்றாள் அவள்.

எல்லாம் சரியாக இருந்தது. பேனல் கதவை மூடி, மேடைக்குப் போனாள். முதலில் தன் நீலப் பூட்டைத் திறந்து எடுத்தாள். பிறகு கையோடு கொண்டுவந்திருந்த அவருடைய சாவிக்கொத்தில் சிவப்புப் பூட்டின் சாவியைத் தேடினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை, தேய்ந்து பளபளத்துக்கொண்டிருந்தது.

"அண்ணன் சொல்வாருக்கா," என்றான் ஆல்ரவுண்டர். "போட்டவர் வர முடியாம போனா, அவர் இயந்திரத்துக்கிட்ட எங்கயும் இல்லைன்னு நல்லா உறுதி பண்ணிட்டுத்தான் அடுத்தவங்க திறக்கணும்னு." சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது. "அக்கா, நான் எதையோ நினைச்சு..."

"சரியாத்தான் சொல்ற," என்றாள் அவள். "உறுதி பண்ணியாச்சு."

பூட்டு சிரமமில்லாமல் திறந்தது.

டாக்டரம்மா மேலே போய்க் குழந்தைகள் அருகில் நின்றுகொண்டார். அவள் கட்டடத்தின் இணைப்பைப் பேனல் வழியாக மாற்றிவிட்டு, வெளி மின்சாரத்தைத் தானே அணைத்தாள். கட்டடம் அப்படியே அடங்கியது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இயந்திரம் ஒரு செருமல் செருமி, உதறி, சீராக ஓடத் தொடங்கியது. உள்ளே கான்டாக்டர் 'டக்' என்று விழுந்தது. ஜன்னல்கள் கீழிருந்து மேலாக ஒளி பெற்றன. மேல் மாடி ஜன்னலிலிருந்து டாக்டரம்மா கையை உயர்த்திக் காட்டினார்.

ஆல்ரவுண்டர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். உடனே சிரித்ததற்காக வெட்கப்பட்டான். அவள் அதைக் கவனிக்காதது போல் வெளி முனையில் டெஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருக் கம்பியின் பக்கம் ஒரு துளி உயிரும் போகவில்லை. அணைத்ததை மறுபடி போட்டாள். கட்டடத்தின் சுமை வெளி மின்சாரத்துக்கு மாறியது. ஆனாலும் இயந்திரம் உடனே நிற்கவில்லை. சூடு தணிய வேண்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவளும் நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. தெருமுனையில் ஏணி கட்டிய வண்டி ஒன்று நின்றது. மஞ்சள் தொப்பி போட்ட ஆட்கள் அதிலிருந்து கயிறுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். ஸ்கூட்டர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

வந்திருந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். கூடத்தில் அண்ணி மட்டும் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் போய்க் கை கழுவினாள். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணி."

அண்ணி தம்பியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்கப்பா எப்பவும் சொல்வார், இவன் எதையும் உருப்படியாச் செய்ய மாட்டான்னு." பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார். "இவன் வேலை எப்படி? சரியா இருந்துச்சா?"

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரம் எப்போதும் போல ஒரு பக்கம் சற்று ஏறியிருந்தது.

"சரியா இருந்துச்சு அண்ணி. ஒரு குறையும் இல்ல."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டார். முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு மின்சாரம் போயிற்று. விளக்கு அணைந்தது. தலைக்கு மேல் மின்விசிறி மெல்ல மெல்லத் தளர்ந்து, இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்து, நின்றது. தெருவிலிருந்து வந்த மங்கல் வெளிச்சத்தில் அறை சாம்பல் நிறமாகியது. யாரும் எழுந்து மெழுகுவர்த்தி தேடவில்லை.

அண்ணி கையெட்டுகிற தூரத்தில் கிடந்த ஒரு பழைய வார இதழை எடுத்தார். அதை நீளவாக்கில் மடித்து, தம்பியின் முகத்துக்கு நேரே விசிறத் தொடங்கினார். மெதுவாக, சீராக, தூங்குகிற பிள்ளைக்கு விசிறுகிற மாதிரி. தம்பியின் முன்நெற்றி முடி அந்தக் காற்றில் எழுந்து எழுந்து விழுந்தது.

சட்டென்று அண்ணியின் கை நின்றது. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இதழை மடியில் வைக்கப் போனார். வைக்கவில்லை. கையைக் கொஞ்சம் உயர்த்தி, கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவள் மேலும் காற்றுப் படுகிற மாதிரி, மறுபடி விசிறத் தொடங்கினார்.